படம் எடுக்க வெளிக்கிடுற எங்கட பிள்ளையள் முதல்ல என்ன படம் பாக்கோணும்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கட ஞாயிறு இதழில எங்கட பக்கத்து இளம் ஆக்கள் குறும்படம் எடுக்கிறதைப் பற்றி வந்த கட்டுரையை வாசிச்சன். நல்ல கட்டுரை, உழைச்சு எழுதியிருக்கினம். கமெரா வாடகை, ஸ்பொன்சர் பிடிக்கிற கஷ்டம், ட்ரோன் பறக்கவிட அனுமதி எடுக்கிறது, யூரியூப்பில எத்தினை பேர் பாத்தவை எண்டு எல்லாம் இருந்திச்சு. ஆனா ஒரு படம் எடுக்க ஆசைப்படுற பிள்ளை எந்தெந்தப் படத்தைப் பாத்துப் பழகோணும் எண்டு ஒரு வரிகூட இல்லை. அதுதான் இதை எழுதுறன், நீளமாப் போனால் வெட்டாமல் ரெண்டு கிழமையாப் பிரிச்செண்டாலும் போடுங்கோ.

நான் கொக்குவிலில கலியாணவீடு, சாமத்தியவீடு வீடியோக்கள் எடிற் பண்ணுற ஆள். என்னட்ட வேலை பழக வாற பெடியள் பெட்டையளில கன பேருக்கு மனசுக்குள்ள இருக்கிறது சினிமாதான், கலியாணவீட்டு வேலை அதுக்கு ஒரு வழி. அவையைக் குறைவா நினைக்க ஏலாது. தாலி கட்டுற நேரம் திருப்பி ஒருக்கா வராது, அந்த ஒரு நிமிசத்தில முன்னுக்கு நிக்கிற சொந்தக்காரர் எல்லாரையும் விலத்தி, ஐயரின்ர கையும் பொம்பிளையின்ர முகமும் ஒரே ஃபிரேமுக்க வாற மாதிரி நிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு கண்ணும் காலும் நல்லா வேலை செய்யுது எண்டுதான் அர்த்தம். கமெரா ஆடாமல் பிடிக்கிற ஜிம்பல், லென்ஸ், கலர் எல்லாம் என்னைவிட அவைக்கு நல்லாத் தெரியும். ஆனா என்ன படம் பாத்தனீ எண்டு கேட்டால் போன வெள்ளிக்கிழமை வந்த படம், அதுக்கு முதல் வெள்ளி வந்த படம், பேந்து ட்ரெயிலர், றீல்ஸ், 'சினிமாற்றிக்' எண்டு பேர் போட்ட யூரியூப் பாடங்கள். அதால எடுக்கிற குறும்படமும் பண்ணைப் பாலத்துக்கு மேலால ட்ரோன் ஷொட்டோட தொடங்கி, ஒருத்தன் ஸ்லோமோஷன்ல நடந்து வந்து, சென்னைத் தமிழில டயலொக் கதைச்சு, வயலின் மியூசிக்கோட அழுது முடியுது. கதை எங்கட வீட்டுக் கதையா இருக்கும், ஆனா கண் எங்கட கண்ணா இருக்காது. எனக்கு இது பெரிய கவலை. கமெரா இப்ப எல்லாற்ற பொக்கற்றுக்குள்ளயும் கிடக்குது, எங்கட மதிசுதா ஐபோனிலயே ஒரு முழுநீளப் படம் எடுத்துக் காட்டிட்டார், அதால கருவி இல்லை எண்ட கதை முடிஞ்சுது. பாத்த படங்கள்தான் காணாது.

'உலகத்தின் தலைசிறந்த 100 படங்கள்' எண்ட பட்டியலைக் குடுத்து இதுகளைப் பாரடா எண்டு சொல்லுறதிலயும் எனக்கு உடன்பாடில்லை. 'சிற்றிசன் கேன்' பெரிய படம்தான், 1941லயே அவ்வளவு செய்திருக்கினம், ஆனா அதைப் பாத்திட்டு வாற பெடியனுக்கு அந்த மாளிகையும் அந்த ஸ்ரூடியோவும் கண்ணுக்க நிண்டு, எங்களால இது ஏலாது எண்டுதான் படும். அதைப் பிறகு பாக்கலாம். முதல்ல பாக்கவேண்டியது எங்களை மாதிரிக் காசில்லாமல், தெரிஞ்ச ஊரில, தெரிஞ்ச சனத்தோட எடுத்த படங்கள்.

அதில முதலாவது எப்பவும் சத்யஜித் ராயின்ர 'பதேர் பாஞ்சாலி'தான், 1955ல வந்தது. இந்தப் பேரை எல்லாரும் கேட்டிருக்கினம், கேட்டதாலயே பாக்காமல் விட்டிருக்கினம். ராய் அந்தப் படத்தைத் தொடங்கேக்க விளம்பரக் கொம்பனியில படம் கீறுற வேலை, அதுக்கு முதல் ஒரு படமும் எடுத்ததில்லை. கமெராக்காரர் சுப்ரதா மித்ராவுக்கு 21 வயசு, சினிமாக் கமெராவை அதுக்கு முதல் இயக்கினதே இல்லை. காசு முடிய ஷூட்டிங் நிக்கும், ராயின்ர மனுசியின்ர நகையை அடகு வைச்சுத் திருப்பித் தொடங்கும், பேந்தும் நிக்கும், கடைசியில மேற்கு வங்காள அரசாங்கம் காசு குடுத்துத்தான் முடிஞ்சது. அக்காவும் தம்பியும் வெள்ளை வெளேரெண்ட பூக்காட்டுக்குள்ளால ஓடிப்போய் றெயில் பாக்கிற இடம் இருக்குதே, அதைக் கொஞ்சம் எடுத்துப்போட்டு அடுத்த கிழமை போய்ப் பாத்தால் பூ முழுக்க மாடு திண்டிட்டுது, அடுத்த வருசம் பூக்குமட்டும் காத்திருந்துதான் மிச்சத்தை எடுத்தவை. எங்கட ஆக்கள் ஒரு சனி ஞாயிறுக்குள்ள குறும்படத்தை முடிக்கிற அவசரத்தில திரியேக்க இதை நினைக்கோணும்.

அந்தப் படத்தில இன்னொரு இடம், நான் பழக வாற எல்லாருக்கும் போட்டுக் காட்டுறது. மிட்டாய்க்காரன் தோளில காவிக்கொண்டு போக, பின்னால அக்கா, தம்பி, நாய் எண்டு வரிசையாப் போகும், அது குளத்துத் தண்ணியில தலைகீழாத் தெரியும். அந்த மிட்டாய்க்காரரா நடிச்சவர் படம் பாதியில செத்துப்போனார். ராய் அதே உடம்புவாகில இன்னொருத்தரைப் பிடிச்சு முதுகுப் பக்கத்தால எடுத்துச் சேத்திட்டார், முகம் தெரியிற ஷொட் ஒருத்தர், முதுகு தெரியிற ஷொட் வேற ஒருத்தர். தெரிஞ்சுகொண்டு பாத்தாலும் கண்டுபிடிக்கிறது கஷ்டம், ஏனெண்டால் எங்கட கண் அந்த ஆளின்ர நடையையும் தோளில ஆடுற சுமையையும்தான் பின்தொடருது. எடிற்றிங் எண்டால் என்ன எண்டு ஆறு மாசம் சொல்லிக் குடுத்தாலும் விளங்காதது அந்த ரெண்டு ஷொட்டில விளங்கும்.

பேந்து அந்தத் தாய் அழுகிற இடம். தகப்பன் கன நாளைக்குப் பிறகு வீட்டை வாறார், மகள் செத்தது அவருக்குத் தெரியாது, எல்லாருக்கும் வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொண்டா எடுத்துக் காட்டிக்கொண்டு வந்து மகளுக்கு வாங்கின சீலையை நீட்டுறார். தாய் அதைப் பல்லுக்குள்ள கடிச்சுக்கொண்டு உடைஞ்சு அழுறா, அப்ப அவவின்ர குரல் எங்களுக்குக் கேக்காது, அந்த இடத்தில தார் ஷெனாய் எண்ட வாத்தியம் ஒண்டு கத்தும். இசை ரவிசங்கர். அவ்வளவு நேரமும் மனசை அடக்கிக்கொண்டு இருந்த படம் அதில ஒருக்காத்தான் உடைக்குது, அதாலதான் எங்களுக்கும் உடையுது. முதலாம் நிமிசத்தில இருந்து வயலினைப் போட்டால் கடைசியில அழ வைக்க எங்களிட்ட என்ன மிச்சம் இருக்கும்?

ரெண்டாவது, ஒரு அறைக்குள்ள படம் எடுக்கப்போற ஆக்களுக்கு சிட்னி லூமெட்டின்ர '12 ஆங்கிரி மென்', 1957. எங்கட குறும்படங்களில முக்கால்வாசி ஒரு வீட்டு விறாந்தையிலயும் குசினியிலயும்தானே நடக்குது, அதுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கொலை வழக்கொண்டில தீர்ப்புச் சொல்ல ஒரு அறைக்குள்ள பூட்டிவிட்ட 12 பேர், ஒரு மேசை, வெக்கை, வேலை செய்யாத ஃபான், கிட்டத்தட்ட முழுப்படமும் அவ்வளவுதான். லூமெட்டுக்கு அது முதல் சினிமாப் படம். அவர் என்ன செய்திருக்கிறார் எண்டால், தொடக்கத்தில கமெராவை ஆக்களின்ர கண் மட்டத்துக்கு மேல வைச்சு அகலமான லென்ஸால எடுத்திருக்கிறார், அறை விசாலமாத் தெரியும். நடுப்பகுதியில கமெரா கண் மட்டத்துக்கு இறங்குது. கடைசிப் பங்கில அதுக்கும் கீழ போய், தூரத்தில இருக்கிறதைக் கிட்டக் காட்டுற நீட்டு லென்ஸுக்கு மாறி, சுவர் கிட்ட வந்து, முகட்டுத் தட்டும் ஃபிரேமுக்க தெரியத் தொடங்கும். அறை அதே அறைதான், ஆனா எங்களுக்கு மூச்சு முட்டும். கடைசியில வெளியில வந்து படியால இறங்கேக்க திரும்ப அகலமான லென்ஸைப் போட்டு மூச்சை விடவைக்கிறார். இதைத் தெரியாமல் ஒருக்காப் பாத்துப்போட்டு தெரிஞ்சுகொண்டு ரெண்டாந்தரம் பாருங்கோ, உங்கட உடம்பு அதை முதல்தரமே உணர்ந்திருக்கும்.

காசில்லாத ஆக்களுக்கு அதில இன்னொரு விசயமும் இருக்கு. ஒரு கதிரைக்கு லைற் பண்ணினால் அந்தக் கதிரையில இருக்கிறவற்ற எல்லா ஷொட்டையும், படத்தின்ர எந்த இடத்தில வந்தாலும், ஒரேயடியா எடுத்து முடிச்சுப்போட்டுத்தான் அடுத்த கதிரைக்குப் போனவை. அதுவும் சாதாரண வெளிச்சம், மழைமூட்டம், லைற் போட்டபிறகு எண்டு மூண்டுதரம் அறையைச் சுத்தி வந்திருக்கினம். அப்பிடிச் செய்ய ஏலுமாக இருந்தது ஏனெண்டால் அதுக்கு முதல் ரெண்டு கிழமை ஒத்திகை பாத்தவை, நடிகர்மாருக்கு எந்த வரி எந்தக் கோபத்தில வாறது எண்டு தெரியும். எங்கட ஆக்கள் ஒத்திகைக்கு ஒரு நாளும் ஒதுக்கிறேல்லை, அந்தக் காசை ட்ரோனுக்குக் குடுக்கினம். கிறிஸ்தோபர் நோலன்ர முதல் படம் 'ஃபாலோயிங்', 1998, அதுவும் இப்பிடித்தான். வேலைக்குப் போற கூட்டாளிமார் சனிக்கிழமையளில கூடி ஒரு வருசமா எடுத்தது, ஃபிலிம் சுருளுக்குக் காசில்லாததால முதலே நல்லா ஒத்திகை பாத்து ஒரு ஷொட்டுக்கு ஒண்டு ரெண்டு ரேக்கோட முடிச்சிருக்கினம். அவரின்ர பெரிய படங்களைப் போற்றுற பெடியள் இதைத்தான் பாக்கோணும்.

இனி எங்கட மண்ணுக்கு வாறன். 'பொன்மணி' எண்ட பேரை இண்டைக்குப் படம் எடுக்கிற எத்தினை பேர் கேள்விப்பட்டிருக்கினம்? 1977ல வந்த படம், தர்மசேன பத்திராஜ இயக்கினது, கதை எழுதினது எங்கட காவலூர் ராஜதுரை. பத்திராஜ சிங்களவர், இஞ்ச எங்கட பல்கலைக்கழகத்தில படிப்பிச்சவர். யாழ்ப்பாணத்து வீட்டுக்குள்ள சீதனமும் சாதியும் என்ன செய்யுது எண்டு எங்கட தமிழில, எங்கட றோட்டில, எங்கட வேலி ஓரத்தில வைச்சு எடுத்த படம். அந்த நேரம் சனம் அதைத் தூக்கி வைக்கேல்லை, எம்ஜிஆர் சிவாஜி படம் பாத்துப் பழகின கண்ணுக்கு அது மெதுவாத் தெரிஞ்சிருக்கும். இண்டைக்கு இருந்து பாருங்கோ, அதில வாற முற்றமும் படலையும் வீட்டுக்குள்ள ஆக்கள் கதைக்காமல் இருக்கிற விதமும் வேற எந்தப் படத்திலயும் இல்லை. நாங்கள் எங்களைப் பற்றி எடுக்கிறதுக்கு எங்களிட்டயே முன்மாதிரி இருக்கு, அதைப் பாக்காமல் மதுரைக் கதையைக் கொண்டுவந்து நல்லூரில வைக்கிறம். 1978ல வந்த 'வாடைக்காற்று', செங்கை ஆழியானின்ர நாவல், அதையும் நாவலைக் கையில வைச்சுக்கொண்டு பாக்கோணும், எதை எடுத்தவை எதை விட்டவை எண்டு.

எங்கட படங்கள் கனக்க இல்லாமலே போட்டுது. 1983 யூலையில ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிஞ்சதோட எத்தினையோ படத்தின்ர நெகடிவ், அதுதான் மூலச்சுருள், போனது. எரியாமலும் அழியுது. மட்டக்களப்பில பிறந்த பாலுமகேந்திராவின்ர 'வீடு', 1988, 'சந்தியா ராகம்', இந்த ரெண்டுக்கும் இப்ப நெகடிவ் இல்லை எண்டு அவரே சொல்லிக் கவலைப்பட்டவர். கிடைக்கிற பிரதியில எண்டாலும் 'வீடு' பாருங்கோ. அதில பாட்டு இல்லை, வில்லன் இல்லை, ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பொம்பிளைப்பிள்ளை ஒரு சின்ன வீடு கட்டப் படுறபாடு மட்டும்தான். கமெராவும் எடிற்றிங்கும் அவரே. சொக்கலிங்க பாகவதர் நடிச்ச அந்தத் தாத்தா, பாதி கட்டின வீட்டைப் பாக்கத் தனியா வாறாரே, அந்த இடத்தை மட்டும் தனியா எடுத்துப் படியுங்கோ. அவர் சுவரைத் தொடுறார், வாசல் இல்லாத வாசலுக்குள்ளால போறார், எது அறை எது குசினி எண்டு தனக்குத்தானே பிரிச்சுப் பாக்கிறார், டயலொக் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில வீடு எண்டால் என்ன எண்டு யாருக்குத் தெரியாது? இடிஞ்ச வீடு, கூரையில்லாத வீடு, வெளிநாட்டில இருக்கிற பிள்ளை அனுப்பின காசில கட்டி ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடு. எங்கட றோட்டில ஒவ்வொண்டுக்கும் ஒரு படம் கிடக்குது.

சண்டையைப் பற்றி எடுக்கிற படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் சரிவராது. பிள்ளையளுக்கு அது சொல்லவேண்டிய கதை, சொல்லத்தான் வேணும். ஆனா எடுக்கிற உடனை சிவப்புச் சாயமும் குண்டுச் சத்தமும்தான் வருது, அந்தச் சத்தத்தை உண்மையாக் கேட்ட அம்மாமார் அதைப் பாத்துக்கொண்டு இருக்க மாட்டினம். இதுக்கு ரெண்டு படம் சொல்லுறன். ஒண்டு பிரசன்ன விதானகேயின்ர 'புரஹந்த களுவர', 1997. கண் தெரியாத ஒரு சிங்களத் தகப்பன், ஆமிக்குப் போன மகனின்ர பெட்டி சீல் வைச்சு வருது, அவர் மகன் செத்தான் எண்டு நம்பேல்லை, நட்டஈட்டுக்கான பேப்பரில கையெழுத்து வைக்கேல்லை. ஒரு வெடிச்சத்தம் இல்லை, ஒரு சண்டைக்காட்சி இல்லை. தகப்பனா நடிச்ச ஜோ அபேவிக்ரம வறண்ட குளத்துப் பக்கம் பொல்லோட நடக்கிறதிலயே முழு யுத்தமும் இருக்கு. அந்தப் படத்தை 2000ல அரசாங்கம் ஓட விடேல்லை, உச்ச நீதிமன்றம் மட்டும் போய்த்தான் 2001ல தியேட்டருக்கு வந்தது, அவ்வளவுக்கு அது பயப்படுத்தியிருக்கு. காணாமல் போன பிள்ளையின்ர படத்தை மடியில வைச்சுக்கொண்டு றோட்டோரத்தில இருக்கிற எங்கட அம்மாமாரைப் பற்றிப் படம் எடுக்க நினைக்கிறவை இதைப் பாக்காமல் கமெராவைத் தூக்கக்கூடாது, இது என்ர உறுதியான அபிப்பிராயம்.

மற்றது ஈரானின்ர அப்பாஸ் கியாரோஸ்தமி. அவர் 1987ல 'நண்பனின் வீடு எங்கே' எண்டு ஒரு படம் எடுத்தவர், பக்கத்தில இருக்கிற கூட்டாளியின்ர கொப்பியை ஒரு பெடியன் மாறி எடுத்துக்கொண்டு வந்திடுறான், அதைக் குடுக்காட்டில் நாளைக்கு வாத்தியார் அந்தக் கூட்டாளியைப் பள்ளிக்கூடத்தால கலைச்சுப்போடுவார், அதுக்காக அடுத்த ஊருக்கு ஓடுறான், கதை இவ்வளவுதான். நடிச்ச ஆக்கள் அந்தக் கோக்கர் கிராமத்துச் சனம். 1990ல அந்தப் பக்கம் முழுக்கப் பெரிய பூமியதிர்ச்சியில அழிஞ்சது. அந்தப் பெடியள் உயிரோட இருக்கினமோ எண்டு தேடிக் கியாரோஸ்தமி காரில போனார், அந்தப் பயணத்தை வைச்சு 1992ல 'அண்ட் லைஃப் கோஸ் ஒன்' எண்ட படத்தை எடுத்தார். அதில இடிபாடு இருக்கு, செத்தவையைப் பற்றின கதை இருக்கு, ஆனா அழுகையைத் தேடிக் கமெரா ஓடேல்லை. சொந்தக்காரர் கனபேரைப் பறிகுடுத்து ரெண்டாம் நாளே கலியாணம் கட்டின ஒருத்தன் அதைச் சாதாரணமாச் சொல்லுறான். ஒருத்தன் கூடாரத்துக்குப் பக்கத்தில ரீவி அன்ரெனா பூட்டுறான், உலகக் கிண்ண மச் பாக்கவேணுமாம். இடம்பெயர்ந்து முகாமில இருந்த எங்களுக்கு இது தெரியாத விசயமா? அங்கயும் சீட்டு விளையாடினது, பிள்ளை பிறந்தது, பக்கத்துக் கூடாரத்தோட தண்ணிக்குச் சண்டை பிடிச்சது எல்லாம் நடந்ததுதானே. அதுகளை ஒருத்தரும் எடுக்கிறேல்லை.

சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகமவின்ர 'இனி அவன்' 2012ல இஞ்ச எடுத்த தமிழ்ப்படம், மறைஞ்ச தர்ஷன் தர்மராஜ் நடிச்சது. அதோட எனக்குக் கொஞ்சம் முரண்பாடு இருக்கு, ஆனா அதையும் பாத்து வாதாடோணும், எங்களை வெளியில இருந்து வந்த கண் எப்பிடிப் பாக்குது எண்டு தெரிஞ்சால்தான் நாங்கள் எப்பிடிப் பாக்கப்போறம் எண்டு முடிவெடுக்கலாம்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லோணும், எங்கட குறும்படங்களில ஆகப்பெரிய நோய் அதுதான். கமெராவுக்கு லட்சக் கணக்கில செலவழிச்சுப்போட்டு மைக்கை ஆரிட்டயோ இரவல் வாங்கி, வந்த சத்தம் சரியில்லையெண்டு முழுக்க மியூசிக்கால மூடுறது. றோபேர் பிறெஸ்ஸோனின்ர 'அ மேன் எஸ்கேப்ட்' எண்ட பிரெஞ்சுப் படம், 1956, நாசிகளின்ர மறியலில இருந்து ஒருத்தன் தப்புறது, தப்பிட்டான் எண்டு தலைப்பிலயே சொல்லிப்போட்டார், அப்பிடியிருந்தும் நெஞ்சு படபடக்கும். ஏனெண்டால் அந்த மறியலை நாங்கள் பாக்கிறதைவிடக் கேக்கிறதுதான் கூட. காவலாளி திறப்பைக் கம்பியில உரசிக்கொண்டு வாற சத்தம், காலடி, தூரத்தில றெயில், கரண்டியால கதவைச் சுரண்டுற சத்தம். காவலாளியின்ர முகம் தேவையே இல்லை. உண்மையாத் தப்பி வந்த ஒரு ஆளின்ர அனுபவம் அது, நடிச்சவர் நடிகர் இல்லை. தமிழில பாக்கிறதெண்டால் பி.எஸ். வினோத்ராஜின்ர 'கொட்டுக்காளி', 2024, பின்னணி இசையே இல்லாமல் எடுத்தது. அவரின்ர முதல் படம் 'கூழாங்கல்' 2021ல ரொட்டர்டாம் திரைப்பட விழாவில ரைகர் விருது எடுத்தது, ஒரு குடிகாரத் தகப்பனும் பெடியனும் மத்தியான வெயிலில நடக்கிறது. மத்தியான வெயில் முகத்தில கறுப்பு நிழல் விழுத்தும் எண்டு நாங்கள் பின்னேரம் மட்டும் காத்திருப்பம், அவர் அந்த வெயிலையே கதையாக்கினவர். எங்கட சுண்ணாம்புத் தரையில பன்ரெண்டு மணி வெயில் கீழ இருந்தும் அடிக்கும், அதையும் ஆரும் ஒருக்கா எடுத்துப் பாக்கலாம்.

ஒரு நாள் காலமை கமெராவை வீட்டை வைச்சுப்போட்டு றெக்கோடரை மட்டும் கொண்டு போய் மதிலோரம் நிண்டு பாருங்கோ. ஓட்டோவில பாண் விக்கிறவர் பீத்தோவனின்ர மெட்டைப் போட்டுக்கொண்டு வருவார், அங்கால ஐந்து சந்தியில பாங்கு, கோயில் லவுட்ஸ்பீக்கரில சீர்காழி, ஆரோ கிணத்தடியில மோட்டர் போடுவினம், காத்தடிக்கப் பனைமட்டை ஒண்டோடொண்டு உரசும். காய்ஞ்ச வடலிக்கு ஒரு சத்தம், பச்சை ஓலைக்கு வேற சத்தம். இது ஒண்டும் எங்கட படங்களில இல்லை. இன்ரநெற்றில இருந்து எடுத்த ஏதோ குருவிச் சத்தம்தான் கிடக்குது, அந்தக் குருவி எங்கட ஊரிலயே இல்லை.

எப்பிடிப் பாக்கிறது எண்டும் கேப்பினம். முதல்தரம் சும்மா சனத்தில ஒருத்தராப் பாக்கோணும், குறிப்பு எழுதக்கூடாது, போனை அடுத்த அறையில வைக்கோணும். பேந்து பிடிச்ச ஒரு காட்சியை எடுத்து, ஒரேயொரு காட்சி, சத்தத்தை முழுக்க நிப்பாட்டிப் பாக்கோணும், அப்பத்தான் ஷொட் எங்க வெட்டுது எண்டு கண்ணுக்குத் தெரியும். பிறகு திரையை மூடிப்போட்டுச் சத்தத்தை மட்டும் கேக்கோணும். கடைசியில ஒரு பேப்பரில அந்த அறையை மேல இருந்து பாக்கிற மாதிரிக் கீறி, ஆக்கள் எங்க, யன்னல் எங்க, கமெரா எங்கெங்க நிண்டது எண்டு குறிக்கோணும். எங்கட பெட்டை ஒண்டு 'உதிரிப்பூக்கள்' படத்தில ஒரு காட்சியை இப்பிடிக் கீறிக்கொண்டு வந்து, "அண்ணை, இதில கமெரா அசையவே இல்லை, ஆக்கள்தான் வந்து போகினம்" எண்டு சொன்னா. அண்டையில இருந்து அவ எடுக்கிற கலியாணவீட்டு வீடியோவே மாறிப்போச்சு, தேவையில்லாமல் ஜிம்பலைத் தூக்கிக்கொண்டு ஓடுறதில்லை. மகேந்திரன்ர அந்தப் படம் 1979ல வந்தது, புதுமைப்பித்தனின்ர 'சிற்றன்னை'யை வைச்சு எடுத்தது எண்டாலும் கதையில இருந்து எவ்வளவு தூரம் போயிருக்கு எண்டு பாத்தால் இலக்கியத்தைப் படமாக்கிற ஆக்களுக்குத் துணிவு வரும்.

இன்னும் கன படம் இருக்கு, ஓசுவின்ர 'ரோக்கியோ ஸ்ரோறி', டி சிக்காவின்ர 'பைசிக்கிள் தீவ்ஸ்', அடூரின்ர 'எலிப்பத்தாயம்', லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின்ர 'கம்பெரலிய'. ஆனா பத்துப் படத்தை இப்பிடி ஊண்டிப் பாத்த பிள்ளைக்கு மிச்சத்தைத் தேடிப்போகத் தானாவே தெரியும்.

இனி உங்களிட்டக் கேக்கிறது. 2015ல இருந்து யாழ்ப்பாணத்தில சர்வதேசத் திரைப்பட விழா நடக்குது, நல்ல விசயம், ஆனா விழா வந்து போயிடும், பழக்கம் வாறதுக்குக் கிழமைக்குக் கிழமை வேணும். உங்கட ஞாயிறு இதழில கால் பக்கம் ஒதுக்கி கிழமைக்கு ஒரு படம், அதில ஒரு காட்சி மட்டும், வேற வேற ஆக்களைக் கொண்டு எழுதுவியுங்கோ. நட்சத்திரப் பேட்டிக்கு முழுப்பக்கம் குடுக்கிறியள், இதுக்குக் கால் பக்கம் பெரிசில்லை. அதோட 'பொன்மணி', 'வாடைக்காற்று' ஷூட்டிங் நேரம் பக்கத்தில நிண்டு பாத்த, சாப்பாடு குடுத்த, கூட்டத்தில நிண்டு நடிச்ச ஆக்கள் இன்னும் எங்கட ஊருகளில இருப்பினம், அவையளிட்டக் கேட்டு எழுதிவைக்க ஒரு அறிவித்தல் போடுங்கோ. வயசு போன ஆக்கள், பிந்தினால் கிடைக்காது.

பாசைதான் ஒரு தடை. இந்தப் படங்களுக்கு இங்கிலிஸ் சப்ரைரில்தான் கிடைக்குது, அதை வாசிக்கிற அவதியில படத்தைப் பாக்க ஏலாமல் போகுது. பல்கலைக்கழகத்தில படிக்கிற பிள்ளையள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு படத்துக்குத் தமிழ் சப்ரைரில் எழுதலாம், எழுதுற பிள்ளைக்கே அது பெரிய பாடம், ஒவ்வொரு வசனமும் எத்தினை செக்கன் நிக்குது எண்டு கைக்குப் பிடிபடும். நேரம் போடுறது, பைல் ஆக்கிறது எல்லாம் நான் செய்து தருவன்.

ஆடியிலயும் மார்கழியிலயும் எங்களுக்குக் கலியாணவேலை குறைவு, ப்ரொஜெக்ரரும் ஸ்கிரீனும் ஸ்பீக்கரும் சும்மாதான் கிடக்குது. வாசிகசாலையோ பள்ளிக்கூட மண்டபமோ ஆரும் தந்தால் கொண்டுவந்து பூட்டித் தாறன், வாடகை வேண்டாம். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினால்தான் பொம்பிளைப்பிள்ளையளும் வந்து, படம் முடிய இருந்து கதைச்சுப்போட்டு இருட்டுக்கு முதல் வீட்டை போகலாம், அதை மட்டும் கவனிக்கோணும். இடம் தர விருப்பமான ஆக்கள் உங்கட பத்திரிகைக்கு எழுதினால் எனக்கு அறிவியுங்கோ, முதல் படமா 'பதேர் பாஞ்சாலி' போடுவம்.

இப்படிக்கு,
வீடியோ எடிற் பண்ணுற ஒரு வாசகன்,
கொக்குவில்.